மண்ணிற் புதைத்த தாழியும் மலையிற் காத்த மரபும்

ஜோர்ஜியா நாட்டின் தலைநகராகிய திபிலிசியில், நகரை நோக்கியவாறு ஒரு குன்றின்மீது பெண்ணொருத்தியின் பெருஞ்சிலை நிற்கின்றது. அந்நகரம் தோன்றி 1,500 ஆண்டுகள் நிறைவெய்தியதைக் கொண்டாடுமுகமாக 1958ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சிலை அது. எல்குஜா அமசுகெலி என்னும் சிற்பி அதனை வகுத்தார். 'ஜோர்ஜியத் தாய்' என்று மக்கள் அதனை அழைப்பர். அவள் இடக்கையில் மதுக்கிண்ணம் இருக்கின்றது. வலக்கையில் வாள் இருக்கின்றது. நண்பராய் வருவோர்க்குக் கிண்ணம், பகைவராய் வருவோர்க்கு வாள் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

பொருள் அழகியதே. ஆயினும், அந்நாட்டின் வரலாற்றைக் கற்போர்க்கு ஓர் ஐயம் எழும். வாள் வென்ற காலத்திலும் தோற்ற காலமே அங்கு நீண்டது. பாரசீகர், உரோமர், அராபியர், மொங்கோலியர், துருக்கியர், உருசியர் எனப் பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்நாட்டின்மீது படர்ந்தன. வாள் வீழ்ந்த பின்னரும் கிண்ணம் வற்றாதிருந்தது எவ்வாறு? அதற்கு விடை இரண்டு இடங்களிற் கிடைக்கின்றது. ஒன்று மண்ணுக்குக் கீழே. மற்றையது மலைக்கு மேலே.

கருங்கடலின் கிழக்குக் கரையில் அமைந்தது ஜோர்ஜியா. அதன் வடவெல்லையிற் பெருங்காக்கேசிய மலைத்தொடர் சுவர்போல் நிற்கின்றது. 5,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த பனிமுடிகள் அத்தொடரிற் பல உள. மலையின் தென்புறத்தே ஆறுகள் பாயும் பள்ளத்தாக்குகள் விரிகின்றன. அவற்றுட் சிறந்தது நாட்டின் கிழக்கேயுள்ள ககேத்தி. அலசானி ஆறு பாயும் அந்நிலத்திலே, கண்ணுக்கெட்டிய தூரம் வரையும் முந்திரிகைக் கொடிகள் படர்ந்திருக்கும். திராட்சை என்றும் கொடிமுந்திரி என்றும் வழங்கும் அக்கொடி, மனிதன் கைப்பட்டு வளரத் தொடங்கிய மிகப் பழைய நிலங்களுள் இப்பகுதியும் ஒன்றாகும்.

இதற்குச் சான்று மண்ணுக்குள்ளிருந்தே கிடைத்தது. திபிலிசிக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில் கதச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என இரு மேடுகள் உள. புதிய கற்கால மக்கள் வட்டமான மண்வீடுகள் கட்டி வாழ்ந்த ஊர்கள் அவை. அங்கு அகழ்ந்தெடுத்த பானையோடுகளை அறிஞர் இரசாயன முறையால் ஆராய்ந்தபோது, முந்திரிகைப் பழத்திற் சிறப்பாக அமைந்துள்ள தாத்தாரிக்கமிலத்தின் சுவடுகள் அவற்றிற் காணப்பட்டன. ஓடுகளின் காலம் கி. மு. 6000க்கும் 5800க்கும் இடைப்பட்டது. அமெரிக்க அறிஞர் பற்றிக் மக்கவர்ன், ஜோர்ஜிய அறிஞர் தாவித் லொர்த்கிபனித்சே முதலியோர் இம்முடிவை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவரை ஈரான் நாட்டின் சக்ரோசு மலைப்பகுதியிற் கிடைத்த சான்றே முந்திரிகை மதுவுக்கு மிகப் பழையதாக எண்ணப்பட்டது. ஜோர்ஜியச் சான்று அதனினும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

அக்காலப் பானைகள் முழுவதும் நிலத்திற் புதைக்கப்பட்டவை அல்ல. பெருந்தாழியைக் கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கி, அதிலே மதுவை ஆக்கும் முறை பின்னர் வளர்ந்தது. ஜோர்ஜியர் இத்தாழியைக் 'குவெவ்ரி' என்பர். முட்டையின் வடிவமும் கூரிய அடியும் உடையது அது. சில நூறு லீற்றர் கொள்வனவும் உண்டு. ஆளொருவர் உள்ளே இறங்கி நின்று கழுவத்தக்க பெருந்தாழிகளும் உண்டு.

இத்தாழியை வனைவது எளிய தொழிலன்று. குயவர் இதற்குச் சக்கரத்தைப் பயன்படுத்துவதில்லை. களிமண்ணைத் திரித்து, வளையம் வளையமாகக் கையாலேயே அடுக்குவர். ஒரு நாளிற் சிறிதளவே உயர்த்தலாம். அது காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த வளையத்தை வைத்தல் வேண்டும். அவசரப்பட்டால் தன் பாரத்தாலேயே தாழி சரிந்துவிடும். இவ்வாறு வாரக்கணக்கில் வளர்த்த தாழியைச் சூளையில் ஏற்றிப் பல நாட்கள் சுடுவர். சூளையிலிருந்து எடுத்து, வெப்பம் முற்றாகத் தணியுமுன்னரே உட்புறத்திற் தேன்மெழுகைப் பூசுவர். மெழுகு மண்ணின் நுண்துளைகளிற் புகுந்து கசிவைத் தடுக்கும். ககேத்தியில் வர்திசுபானி என்னும் ஊரும், மேற்கே இமெரெத்தியில் ஷிரோஷா, மக்கதுபானி என்னும் ஊர்களும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. தந்தையின் அருகே நின்று மைந்தன் கற்கும் தொழில் இது. எந்த மேட்டு மண்ணை எடுப்பது, எவ்வளவு நீர் சேர்ப்பது, நெருப்பின் நிறம் எவ்வாறு மாறும்போது விறகை நிறுத்துவது என்பன ஏட்டில் எழுதி அறியத்தக்கன அல்ல.

செத்தெம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ககேத்தியிற் பழம் பறிக்கும் காலம் தொடங்குகின்றது. 'ர்த்வெலி' எனப்படும் அக்காலத்தில் நகரத்தில் வாழும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்புவர். பெரிய மரமொன்றின் அடியைக் குடைந்து செய்த தொட்டியிற் பழங்களைக் கொட்டிக் காலால் மிதிப்பர். வடியும் சாறு தாழிக்குட் செல்லும். ககேத்தி முறையில் சாற்றுடன் தோல், விதை, காம்பு ஆகியனவும் தாழிக்குட் சேரும். பழத்தோலில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களாலேயே சாறு நொதிக்கத் தொடங்கும். நொதிக்கும்போது தோற்கூட்டம் மேலே எழும்பித் திரளும். அதனை நாள்தோறும் பலமுறை நீண்ட கோலால் உள்ளே அமிழ்த்துவர். கொதிப்பு அடங்கிய பின், தாழியின் வாயைக் கல்லாலோ மரப்பலகையாலோ மூடிக் களிமண்ணால் அடைப்பர்.

அதன் பின்னர் வேலை செய்வது மண்ணும் காலமுமே. வெளியே பனி பெய்தாலும் வெயில் எரித்தாலும், நிலத்துக்குள் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. விதைகள் தாழியின் கூரிய அடியிற் சென்று தங்கும். மண்டியும் தோலும் அவற்றின்மேற் படிந்து மூடும். அதனால் விதையின் கடுங்கசப்பு மதுவில் மிகுவதில்லை. ஐந்தாறு மாதம் சென்று வசந்த காலத்தில் தாழியைத் திறக்கும்போது, வடிகட்டுவார் இன்றித் தானே தெளிந்த மது மேலே நிற்கும். தெளிந்தமையாற் தேறல் எனப் பெயர் கூறுதல் தமிழ் வழக்கு. அப்பெயர் இம்மதுவுக்கு முற்றும் பொருந்தும். வெள்ளை முந்திரிகையிலிருந்து எடுத்த தேறலாயினும், தோலோடு கிடந்தமையால் அது குங்கிலியம் போன்ற பொன்னிறமுடையதாய் விளங்கும்.

தாழிகள் புதைந்துள்ள இடத்துக்கு 'மரானி' என்று பெயர். அது சரக்கறை மாத்திரமன்று. வீட்டின் புனித இடமும் அதுவே. தேவாலய வழிபாட்டுக்கென ஒரு தாழியைத் தனியே வைத்திருப்பது பழைய வழக்கம். மடாலயங்களும் தாழிகளைப் போற்றின. ககேத்தியிலுள்ள இகால்தோ மடத்தின் முற்றத்திற் பழந்தாழிகளை இன்றும் காணலாம். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த அலவெர்தித் தேவாலயத்தின் துறவிகள் இன்றும் தாழியிலேயே மது ஆக்குகின்றனர்.

இம்முறையின் எளிமையே அதன் அரணாயிற்று. அதற்கு அரசன் கட்டிய ஆலை வேண்டுவதில்லை. பிறநாட்டுக் கருவி வேண்டுவதில்லை. ஒரு குடும்பமும் சில கொடிகளும் மண்ணில் ஒரு தாழியும் இருந்தாற் போதும். வாயை அடைத்து மண்ணைப் பரப்பிவிட்டால், மேலே நடப்பவனுக்குக் கீழே தாழி இருப்பதுகூடத் தெரியாது.

எனினும், மண் மாத்திரம் காக்கமுடியாத காலங்களும் வந்தன. 1386ஆம் ஆண்டிலே தைமூர் திபிலிசியைக் கைப்பற்றி, ஐந்தாம் பக்ராத் மன்னனைச் சிறைப்பிடித்தான். 1403ஆம் ஆண்டு வரை அவன் படை பலமுறை வந்து சமவெளியைப் பாழாக்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாரசீக மன்னன் முதலாம் ஷா அப்பாஸ் ககேத்தியின்மீது படையெடுத்தான். பல்லாயிரவர் கொல்லப்பட்டனர், பல்லாயிரவர் சிறைப்பட்டுப் பாரசீகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ஈரானின் பெரெய்தான் பகுதியில் இன்றும் ஜோர்ஜிய மொழி பேசி வாழ்கின்றனர். தாழியைப் புதைக்கலாம், கொடி நட்ட குடியானவனையே பெயர்த்தெடுத்துச் சென்றால் என் செய்வது? அந்நிலையில் எஞ்சியோர் நோக்கிய திசை வடக்கு. அங்கே மலை இருந்தது.

மலைக்குச் சென்ற பொருள்களுள் ஒன்றின் கதை குறிப்பிடத்தக்கது. 4ஆம் நூற்றாண்டில் நினோ என்னும் பெண்மணி ஜோர்ஜியாவிற் கிறித்தவ சமயத்தைப் பரப்பினாள். முந்திரிகைக் கொடியின் இரு கிளைகளைத் தன் கூந்தலாற் பிணைத்துச் செய்த சிலுவையையே அவள் ஏந்தி வந்தாள் என்பது அந்நாட்டார் மரபு. கொடியாற் செய்தமையின் அதன் இருபுறக் கைகளும் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். நாட்டின் பழைய தலைநகரமாகிய மிட்ஸ்கெத்தாவுக்கு இடர் நேர்ந்த காலங்களில், இச்சிலுவையும் ஏனைய திருப்பொருள்களும் கெர்கெத்தி என்னும் மலைத் தேவாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்று 18ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் வக்குஷ்தி எழுதினார். கஸ்பெக் பனிமலையின் எதிரே, ஏறக்குறைய 2,170 மீற்றர் உயரத்திலே அத்தேவாலயம் தனித்து நிற்கின்றது. முந்திரிகைக் கொடி விளையாத அவ்வுயரத்திலே அக்கொடியாற் செய்த சிலுவை அடைக்கலம் பெற்றது. இன்று அது திபிலிசியின் சியோனித் தேவாலயத்தில் இருக்கின்றது.

மேற்கே உள்ள சுவானெத்தி மலைநாடும் அத்தகைய அடைக்கலமே. அங்கு ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டை ஒட்டி நான்கைந்து நிலைகள் கொண்ட கற்கோபுரம் ஒன்றைக் கட்டிக்கொண்டது. அவற்றுட் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தவை. பகைவருக்கும் பனிச்சரிவுக்கும் குடிப்பகைக்கும் அவை அரணாயின. அம்மலைத் தேவாலயங்களிற் சமவெளியின் திருவுருவங்களும் ஏடுகளும் பேணப்பட்டன. ஜோர்ஜிய மொழியின் பழைய நற்செய்தி நூற்படிகளுள் ஒன்று, 897ஆம் ஆண்டில், இன்று துருக்கிக்கு உட்பட்ட பகுதியிலிருந்த ஷத்பெர்தி மடத்தில் எழுதப்பட்டது. அம்மடம் பின்னர் அழிந்துபட்டது. ஆனால் ஏடோ, சுவானெத்தியில் அதிஷி என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் நூற்றாண்டுக்கணக்காக இருந்தது. அவ்வூரார் அதனைத் தம் குலதனமாக எண்ணிக் காத்தனர். ஊரின் பெயராலேயே அந்நூல் இன்று அறியப்படுகின்றது. மெஸ்தியா நகர அரும்பொருட்சாலையில் அதனைக் காணலாம்.

மலையகத்தார் பொருளைக் காத்ததோடு அமையவில்லை. ஒருமுறை தாமே கீழிறங்கி வந்து சமவெளியையும் காத்தனர். ஷா அப்பாசின் படையெடுப்பின் பின், ஆளின்றிக் கிடந்த ககேத்தியில் நாடோடித் துருக்கிய மக்களைக் குடியேற்றப் பாரசீகர் முயன்றனர். அம்முயற்சி நிறைவேறியிருப்பின், கொடி படர்ந்த நிலம் மேய்ச்சல் நிலமாக மாறியிருக்கும். 1659ஆம் ஆண்டிலே ககேத்தியர் கிளர்ந்தெழுந்தனர். துஷெத்தி, பிஷாவி, கெவ்சுரெத்தி ஆகிய மலைநாடுகளின் வீரர் இறங்கி வந்து பக்திரியோனிக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். இதற்குக் கைம்மாறாகத் துஷெத்தி மக்களுக்கு அலசானிக் கரையிலுள்ள அல்வானி நிலம் பனிக்கால மேய்ச்சலுக்கென வழங்கப்பட்டது. அன்று தொட்டு அவர்கள் கோடையில் மலையிலும் பனிக்காலத்தில் அல்வானியிலும் வாழ்கின்றனர். ஆட்டு மந்தைகள் ஆண்டுதோறும் அவ்வழியே ஏறுவதும் இறங்குவதும் இன்றும் நடைபெறுகின்றன.

மலைக்கும் சமவெளிக்கும் இடையே நிலவிய உறவு போருக்கு மாத்திரம் உரியதன்று. மலையிலிருந்து கம்பளமும் பாற்கட்டியும் இறங்கின. கீழிருந்து தானியமும் மதுவும் ஏறின. முந்திரிகை விளையாத உயரங்களில் மக்கள் தமக்கென வேறு பானமும் கண்டனர். துஷெத்தியிலும் கெவ்சுரெத்தியிலும் திருவிழா நாட்களிற் பெரிய செப்புக் கொப்பரையில் வாற்கோதுமைப் பியர் காய்ச்சி, ஊரார் யாவருக்கும் பகிர்வர். பொருள் வேறாயினும் பண்பு ஒன்றே. வந்தவனுக்கு வார்த்த பின்பே தனக்கு வார்த்தல் இரு சாராருக்கும் பொதுவான வழக்கம்.

இவ்வாறு பேரரசுகளை வென்று நின்ற மரபுக்கு, 20ஆம் நூற்றாண்டிலே வாளின்றி ஒரு பகை வந்தது. 1921ஆம் ஆண்டிற் செஞ்சேனை ஜோர்ஜியாவைக் கைப்பற்றிய பின், முந்திரிகைத் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 500க்கும் மேற்பட்ட முந்திரிகையினங்கள் அந்நாட்டுக்கு உரியன. ஆலைகளோ மிகுந்த விளைச்சல் தரும் சில இனங்களையே விரும்பின. இர்க்காத்சிதெலி, சப்பெராவி முதலியன எங்கும் பரவ, ஏனையவற்றுட் பல வீட்டுக்கொல்லையில் ஒதுங்கின. 1985ஆம் ஆண்டிற் சோவியத்து அரசு தொடங்கிய மதுவொழிப்பு இயக்கத்தின்போது தோட்டங்கள் பல வேரோடு பெயர்க்கப்பட்டன. மலைநாடும் தப்பவில்லை. 1950களின் தொடக்கத்திற் கெவ்சுரெத்தி மக்கள் தம் ஊர்களைவிட்டுச் சமவெளிக்கு இறங்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். கோட்டைபோற் கோபுரங்கள் நெருங்கி நிற்கும் ஷாத்திலி என்னும் ஊர் ஆளற்று நின்றது. 1987ஆம் ஆண்டுப் பனிச்சரிவுகளால் உயிரிழப்பு நேர்ந்தபின், சுவானெத்தியிலிருந்தும் பல குடும்பங்கள் பெயர்ந்தன. மண்ணும் மலையும் ஆகிய இரு காவலிடங்களும் ஒருங்கே வெறுமையாகும் நிலை ஏற்பட்டது.

அந்நிலையில் மரபைக் காத்தவர் மாவீரர் அல்லர். வீட்டுத் தேவைக்கென ஒரு தாழியைக் கைவிடாது வைத்திருந்த குடியானவரே. அரசின் ஆலை ஒரு வகை மதுவை ஆக்க, வீட்டு மரானி பழைய வகையையே ஆக்கிக்கொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. 2006ஆம் ஆண்டில் உருசியா ஜோர்ஜிய மதுவின் இறக்குமதியைத் தடைசெய்தது. 2013ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது. விற்பனையின் பெரும்பகுதி உருசியாவையே நம்பியிருந்தமையால், அது பேரிடியாயிற்று. எனினும், வேறு நாடுகளின் சந்தையை நாடியபோது, பிறர் எவரிடமும் இல்லாத பொருள் தம் கொல்லையிலேயே புதைந்திருப்பதை மக்கள் உணர்ந்தனர். 2013ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ நிறுவனம் தாழியில் மது ஆக்கும் மரபை மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. மறைந்ததென எண்ணிய முந்திரிகையினங்கள் பல மீண்டும் தோட்டங்களில் நடப்படுகின்றன.

மலைக்குப் புதுவாழ்வு தருபவர் நடைப்பயணிகள். மெஸ்தியாவிலிருந்து அதிஷி வழியாக உஷ்குலிக்குச் செல்லும் நான்கு நாள் நடை, இன்று உலகெங்கணுமிருந்து வருவோரை ஈர்க்கின்றது. இடையே பனிக்கட்டியாற்றிலிருந்து இழியும் குளிர்ந்த ஆற்றை ஊராரின் குதிரைமேல் ஏறிக் கடத்தல் வேண்டும். ஓமாலோவிலிருந்து ஷாத்திலிக்குச் செல்லும் வழி இன்னும் கடியது. 3,400 மீற்றருக்கு மேல் உயர்ந்த அட்சுந்தாக் கணவாயை அது கடக்கின்றது. துஷெத்திக்குச் செல்லும் அபானோக் கணவாய்ப் பாதை பனிக்காலத்தில் முற்றாக மூடப்படும். ஆகவே, கோடையின் சில மாதங்களே இவ்வழிகளுக்கு உரிய காலம். செத்தெம்பரில் மலையிலிருந்து இறங்கும் பயணி, ஆட்டு மந்தைகளுடன் கூடவே ககேத்தியை அடைந்து, பழம் பறிக்கும் விழாவையும் காணலாம்.

இவ்வரவால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. கைவிட்ட வீட்டைத் திருத்தி விருந்தினர்க்கு அறை அமைத்து, மீண்டும் மலையில் வாழத் தொடங்கிய குடும்பங்கள் பல. அதே வேளையிற் பழங்கோபுரங்களின் அருகே அவற்றுக்கு ஒவ்வாத புதுக்கட்டிடங்களும் எழுகின்றன. தாழிக்கு வெளிநாட்டிலிருந்தும் வேண்டுதல் வருகின்றது. அதனை வனையத் தெரிந்த குயவரோ சிலரே. விரைவாகச் செய்யும்படி கேட்போர் பலராக, விரைந்து செய்யவியலாத தொழில் அதுவாக இருக்கின்றது.

பகைவர் கைக்கு எட்டாது ஒளித்து வைத்தலால் ஒரு மரபு சில காலம் பிழைக்கலாம். நெடுங்காலம் வாழ்வது கையாளுதலாலேயே ஆகும். நிரப்பாது விட்ட தாழி பாழடையும். எவரும் நடவாத கணவாய்வழி ஒரு சில ஆண்டுகளிற் புல்லாலும் கல்லாலும் மூடப்படும். பிள்ளை பிறந்த ஆண்டின் தேறலைத் தாழியில் இட்டு மூடி, அப்பிள்ளையின் திருமண நாளிலே திறக்கும் வழக்கம் ஜோர்ஜியாவிற் சில இடங்களில் உண்டு என்பர். மூடுகின்றவன், திறக்கும் நாளில் வீட்டில் ஆள் இருக்கும் என்று நம்பியே மூடுகின்றான். அவ்வீட்டின் பிள்ளை ஊரிலேயே தங்குமா, நகருக்குப் பெயருமா என்பதே இன்று ககேத்திச் சிற்றூர்களும் சுவானெத்தி மலையூர்களும் எதிர்நோக்கும் கேள்வியாகும்.